வீட்டுக் கணினிக்கு எத்தனை பூட்டு தேவை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. வீட்டில் விண்டோஸ் கணினி ஒன்று இருக்கிறது. நீங்கள், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், எழுபது வயதைக் கடந்த அப்பா என நான்கு பேர் அதைப் பயன்படுத்துகிறீர்கள். இணைய மோசடிச் செய்திகளைத் தொடர்ந்து படித்துக் கலங்கிய நீங்கள், ஒரு வார இறுதியில் இரண்டு ஆன்டிவைரஸ் மென்பொருட்களை நிறுவி, 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை வைத்து, அதை மாதம் ஒருமுறை மாற்றுவது என்று முடிவுசெய்து, மூன்று நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும்படி அமைத்து, தளங்களுக்குள் ஓடும் நிரல்களை நிறுத்தும் ஸ்கிரிப்ட் தடுப்பானையும் பிரவுசரில் சேர்த்துவிட்டீர்கள். இரண்டு மாதத்துக்குள் அப்பா கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கீபோர்டின் அடியில் ஒட்டிவிட்டார். மகள் தன் கணக்கை விட்டுவிட்டு கணினியில் எதையும் மாற்றும் உரிமையுள்ள உங்கள் அட்மின் கணக்கிலேயே எல்லா வேலையையும் செய்கிறாள். மனைவி கணினிப் பக்கமே வருவதில்லை. பாதுகாப்பு, வசதி ஆகிய இரண்டில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று கேட்கிறீர்கள்.

அப்பாவும் மகளும் செய்ததைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் ஒரு வேலையைச் செய்ய உட்காருகிறார்; பூட்டு அந்த வேலைக்குக் குறுக்கே நிற்கிறது; வேலை முடிந்தாக வேண்டும் என்பதால் பூட்டைச் சுற்றிக்கொண்டு போக அவர் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். என் வீட்டிலும் இதுதான் நடந்தது. பல ஆண்டுகள் கணினி நிர்வாகப் பணியில் இருந்த பெருமையில், வீட்டுக் கணினியின் திரை இரண்டே நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும்படி வைத்திருந்தேன். ஒரு நாள் பார்த்தால், மேசையில் மவுஸுக்கு அடியில் என் பழைய கைக்கடிகாரம் இருந்தது. கடிகாரத்தின் நொடிமுள் நகர்வதை மவுஸின் ஒளியுணரி தன் அசைவு என்று எடுத்துக்கொள்ளும், அதனால் திரை பூட்டிக்கொள்ளாது என்பதை என் மகன் எங்கோ படித்துத் தெரிந்துகொண்டிருந்தான். நான் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொண்டிருக்கும் கணினி, நான் போட்ட கெடுபிடியின் விளைவாக, அவன் சாப்பிடப் போன நேரத்திலெல்லாம் முழுதாகத் திறந்து கிடந்தது.

இந்தச் சிக்கல் கணினியை விடப் பழையது. ராணுவ மறையெழுத்து முறைகளுக்கு இருக்க வேண்டிய ஆறு தகுதிகளை 1883-இல் வகுத்த ஓகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ், அந்த முறை கையாள எளிதாக இருக்க வேண்டும், நீண்ட விதிப்பட்டியலை மனத்தில் வைத்திருக்கும் களைப்பைத் தரக் கூடாது என்பதை ஆறாவது தகுதியாக எழுதினார். கணினிப் பாதுகாப்பு வடிவமைப்பின் அடிப்படை நெறிகளை 1975-இல் தொகுத்த ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும், பாதுகாப்பு ஏற்பாடு அதைப் பயன்படுத்துவோரின் மனம் ஏற்கும்படி அமைய வேண்டும் என்பதைத் தங்கள் எட்டு நெறிகளில் ஒன்றாக வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மக் ஹெர்லி 2009-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். மக்கள் பாதுகாப்பு அறிவுரைகளைப் புறக்கணிப்பது பொருளாதார நோக்கில் பல வேளைகளில் சரியான முடிவுதான் என்றும், போலித் தளங்களைக் கண்டறிய ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு நிமிடம் இணைய முகவரிகளைப் படித்தால்கூட அந்த நேரத்தின் மதிப்பு அத்தகைய மோசடிகளின் மொத்த இழப்பைப் போல ஏறக்குறைய 100 மடங்காகும் என்றும் அவர் வாதிட்டார். அவருடைய கணக்கை முழுதாக ஏற்காதவர்களும், இலவசமாகக் கொடுக்கப்படும் அறிவுரைக்கும் ஒரு விலை உண்டு, அதைப் பயனர்தான் செலுத்துகிறார் என்பதை மறுக்க முடியாது.

எனவே எதை விட்டுக்கொடுப்பது என்பதை விட, தடையை எங்கே வைப்பது என்ற கேள்விதான் உங்களுக்கு உதவும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் பாதுகாப்புக்காகச் செலவிடும் பொறுமை ஓரளவுதான் உண்டு. நாளுக்கு இருபது முறை நடக்கும் செயலின் வழியில் தடையை வைத்தால் அந்தப் பொறுமை ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். ஆண்டுக்குச் சில முறை மட்டும் நடக்கும், ஆனால் நடந்துவிட்டால் எளிதில் திருத்த முடியாத செயலின் வாசலில் அதே தடையை வைத்தால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். திரையைத் திறப்பது, ஒரு தளத்துக்குப் போவது, ஒரு கோப்பைத் திறப்பது ஆகியவை முதல் வகை. புதிய மென்பொருளை நிறுவுவது, புதிய கருவியிலிருந்து மின்னஞ்சலுக்குள் நுழைவது, பணம் அனுப்புவது, தொலைவிலிருக்கும் ஒருவரிடம் கணினியின் கட்டுப்பாட்டை ஒப்படைப்பது ஆகியவை இரண்டாம் வகை. நீங்கள் வைத்த தடைகள் ஏறக்குறைய எல்லாமே முதல் வகைச் செயல்களின் மேல் விழுந்திருக்கின்றன. மகள் அட்மின் கணக்கில் உட்கார்ந்திருப்பதால் இரண்டாம் வகைக்கான வாசல் திறந்தே கிடக்கிறது.

இந்தக் கணக்குத் தவறினால் பெரிய நிறுவனமும் சறுக்கும். 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், அட்மின் உரிமை தேவைப்படும் செயல்களுக்கெல்லாம் திரையை மங்கலாக்கி அனுமதி கேட்கும் ஏற்பாடு அறிமுகமானது. கருத்து நல்லதுதான், ஆனால் கேள்வி அடிக்கடி வந்ததால் பலர் அதைப் படிக்காமலே அனுமதி கொடுக்கப் பழகினார்கள், சிலர் ஏற்பாட்டையே அணைத்துவிட்டார்கள். 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் அதற்கு நான்கு நிலைகளைக் கொடுத்து, விண்டோஸ் அமைப்புகளைப் பயனரே மாற்றும்போது கேட்காமல், ஒரு மென்பொருள் மாற்ற முயலும்போது மட்டும் கேட்பதை இயல்பு நிலையாக்கினார்கள்.

பூட்டுகளைத் திருத்துவதற்கு முன், யாருக்கு எதிராகப் பூட்டுகிறோம் என்பதையும் பார்த்துவிட வேண்டும். சாதாரண வீட்டுக் கணினியைத் தனியாகக் குறிவைத்து யாரும் இரவெல்லாம் உட்கார்ந்து உடைப்பதில்லை. வேறு ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த உங்கள் கடவுச்சொல்லை உங்கள் மின்னஞ்சலிலும் போட்டுப் பார்க்கும் தானியங்கி நிரல்கள், அசலைப் போலவே இருக்கும் போலி நுழைவுப் பக்கங்கள், அப்டேட் செய்யப்படாத மென்பொருளின் ஓட்டைகள், இலவசம் என்ற பெயரில் நிறுவப்படும் கெட்ட மென்பொருட்கள், கோப்புகளையெல்லாம் சாவியின்றித் திறக்க முடியாதபடி மறையாக்கிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், தொலைபேசியில் அழைத்து நம்பவைக்கும் ஆட்கள், இவற்றோடு எந்த எதிரியும் இல்லாமலே ஒரு நாள் நின்றுபோகும் ஹார்டு டிஸ்க் ஆகியவையே உண்மையான ஆபத்துகள். கீபோர்டைத் தூக்கிப் பார்க்கும் ஆள் இந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்குள்ளேயே நம்ப முடியாத ஒருவர் இருந்தால் கணக்கு முற்றிலும் மாறும்; உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

முதலில், மனிதரின் ஒத்துழைப்பே தேவைப்படாமல் கணினி தானே செய்துகொள்ளக்கூடிய காவல் வேலைகளை அதனிடம் முழுதாக ஒப்படையுங்கள். அப்டேட் அவற்றுள் தலையாயது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளை முடக்கிய வான்னக்ரை என்ற ரான்சம்வேர், விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையின் வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. இடைப்பட்ட இரண்டு மாதத்தில் அதை நிறுவியிருந்த கணினிகளுக்குள் அந்த வழியாக நுழைய முடியவில்லை. மக்கள் அப்டேட்டைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. முக்கியமான வேலையின் நடுவே கணினி தானாக மறுதொடக்கம் செய்துகொண்ட அனுபவம்தான் பெரும்பாலும் காரணம். விண்டோஸ் அப்டேட் அமைப்புகளில் செயல்படும் நேரம் என்று நாளுக்கு 18 மணி நேரம் வரை குறிக்கலாம். அந்த நேரத்தில் அது மறுதொடக்கம் செய்யாது. வீட்டார் கணினியைப் பயன்படுத்தும் நேரத்தை அங்கே குறித்துவிட்டால் அப்டேட்டை நிறுத்திவைக்கும் ஆசையே எழாது. உங்களுடையது விண்டோஸ் 10 என்றால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். ஆதரவற்ற இயங்குதளத்தின் மேல் எத்தனை ஆன்டிவைரஸ் போட்டாலும் அது கரையான் அரித்த கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டதாகத்தான் இருக்கும்.

ஆன்டிவைரஸ் விஷயத்தில் என் கருத்து சுருக்கமானது: இரண்டையும் நீக்கிவிடுங்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் விண்டோஸுடனேயே ஒரு முழுமையான ஆன்டிவைரஸ் வருகிறது. வெளி மென்பொருள் ஒன்றை நிறுவினால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும், அதை நீக்கினால் மீண்டும் பொறுப்பேற்கும். ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருட்கள் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போதே சோதித்தால், பாதுகாப்பு இருமடங்கு ஆவதில்லை. கணினி மந்தமாவதும், ஒன்று மற்றொன்றின் வேலையைச் சந்தேகித்து மல்லுக்கட்டுவதும்தான் மிச்சம். மனைவி கணினியை விட்டு விலகியதற்கு இந்த மந்தமும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

அடுத்தது கணக்குகள். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பலன் மிகப் பெரியது. அட்மின் உரிமையுள்ள கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்கி, அதை யாரும் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, உங்களுடையது உட்பட நால்வரின் கணக்குகளையும் சாதாரணப் பயனர் கணக்குகளாக மாற்றுங்கள். அதன்பின் கணினியின் அமைப்பையே மாற்றும் ஒரு நிரல் ஓட முயன்றால் அந்த அட்மின் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். மகளுக்கு இது தொல்லையாகும் என்று நினைக்க வேண்டாம். இன்று பல மென்பொருட்கள் அட்மின் உரிமை கேட்காமல் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே நிறுவிக்கொள்கின்றன, கேட்பவை மாதத்துக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். அவள் கல்லூரி மாணவி என்பதால் அட்மின் கடவுச்சொல்லை அவளுக்குச் சொல்லியே வைக்கலாம் என்பேன். சிலருக்கு இது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் இங்கே நமக்கு வேண்டியது அவளைத் தடுப்பதல்ல. ஏதோ ஒன்றை நிறுவப்போகும் அந்தக் கணத்தில் கை நின்று, இது என்ன, எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி யோசிக்கவைத்தால் போதும். கடவுச்சொல்லை மறைத்தால் அவள் மறுபடியும் உங்கள் கணக்கைத் தேடி வருவாள்.

இந்த ஏற்பாட்டின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவருடைய கோப்புகளை மறையாக்க ரான்சம்வேருக்கு அட்மின் உரிமை தேவையில்லை. அந்தக் கோப்புகளை மாற்ற அவருக்கே இருக்கும் உரிமை போதும். விண்டோஸில் குறிப்பிட்ட கோப்புறைகளை அறிமுகமில்லாத நிரல்கள் மாற்றாதபடி தடுக்கும் வசதி 2017 முதல் இருக்கிறது. நான் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். நல்ல மென்பொருட்களையும் அது அடிக்கடி தடுத்தது, வீட்டார் ஒவ்வொரு முறையும் என்னை அழைத்தார்கள், மூன்றாம் வாரத்தில் எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. அது செய்ய வேண்டிய வேலையை, கோப்புகளின் நகலை வேறிடத்தில் வைக்கும் பேக்கப் இதைவிட அமைதியாகச் செய்யும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கடவுச்சொல். மாதம் ஒருமுறை மாற்றுவதை இன்றே நிறுத்துங்கள். கட்டாயமாக மாற்றவைத்தால் மக்கள் பழையதன் கடைசி எண்ணை மட்டும் கூட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் 7,700-க்கும் மேற்பட்ட பழைய கணக்குகளை வைத்து அதை அளந்தே காட்டினார்கள். முந்தைய கடவுச்சொல் தெரிந்திருந்தால், 17 விழுக்காடு கணக்குகளில் புதியதை ஐந்து ஊகங்களுக்குள் கண்டுபிடிக்க முடிந்தது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டியில், கடவுச்சொல் கசிந்ததற்கு அறிகுறி இருந்தாலன்றி மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்றும், பெரிய எழுத்தும் குறியீடும் எண்ணும் கலந்தே ஆக வேண்டும் என்ற விதி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. அந்த நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு வழிகாட்டியில் பழைய விதிகளை எழுதிய பில் பர், தாம் அப்போது எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகவே கூறினார். மைக்ரோசாஃப்டும் 2019-இல் தன் பாதுகாப்பு அடிப்படைப் பரிந்துரைகளிலிருந்து காலக்கெடு விதியை நீக்கியது.

கணினியைத் திறப்பதற்கு 16 எழுத்து வேண்டாம். ஆறு இலக்கப் பின் எண்ணோ, கருவி இருந்தால் கைரேகையோ போதும். இது பலவீனம் போலத் தோன்றும், ஆனால் உள்ளே நடப்பது வேறு. விண்டோஸில் நீங்கள் வைக்கும் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் உள்ள கணினிகளில் அதனோடு பிணைக்கப்பட்டிருக்கும். சில தடவை தவறாகப் போட்டால் மேலும் முயல விடாது. எங்கோ தொலைவில் இருப்பவருக்கு அந்த எண் தெரிந்தாலும் உங்கள் கணினியின் முன் வந்து உட்காராமல் அதனால் பயனில்லை. இணையக் கணக்கின் கடவுச்சொல் அப்படியல்ல. அதை உலகின் எந்த மூலையிலிருந்தும் முயலலாம். ஆகவே நீளமும் தனித்தன்மையும் அங்கேதான் வேண்டும். பூட்டிக்கொள்ளும் நேரத்தைப் பதினைந்து நிமிடமாக்கி, எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானுடன் எல் எழுத்தை அழுத்திப் பூட்டுவதை எல்லாருக்கும் காட்டிக்கொடுங்கள்.

ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு நீண்ட கடவுச்சொல் என்பது மனித நினைவாற்றலுக்கு அப்பாற்பட்டது. அதை நினைவில் வைக்கச் சொல்வதே தவறு. கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் வேண்டும்; பிரவுசரிலேயே இருப்பதோ, தனியாகக் கிடைப்பதோ, இரண்டில் எதை வீட்டார் விரும்புகிறார்களோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வசதியும் பாதுகாப்பும் ஒரே பக்கம் சேர்ந்து நிற்கும் அரிய இடங்களில் இது ஒன்று. கடவுச்சொல்லை அது தானே நிரப்புகிறது என்பது வசதி; முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும் போலித் தளத்தில் அது நிரப்ப மறுக்கும் என்பது பாதுகாப்பு. ஹெர்லி சொன்ன அந்த ஒரு நிமிட முகவரிச் சோதனையை மனிதருக்குப் பதில் இது களைப்பின்றிச் செய்கிறது. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022-இல் பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனமான லாஸ்ட்பாஸிலிருந்து பயனர்களின் மறையாக்கப்பட்ட பெட்டகங்களின் நகல்களே திருடப்பட்டன; அப்போது பெட்டகத்துக்கும் திருடனுக்கும் இடையே நின்றது ஒவ்வொருவரும் வைத்திருந்த முதன்மைக் கடவுச்சொல்லின் வலிமை மட்டும்தான். எனவே அந்த ஒரு கடவுச்சொல்லில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்களைத் தாயக்கட்டை உருட்டித் தேர்ந்தெடுக்கும் டைஸ்வேர் முறையை 1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு உருவாக்கினார். அதன் பட்டியலில் 7,776 சொற்கள் உண்டு, நான்கு சொற்களுக்கே சுமார் 36 கோடி கோடி சேர்க்கைகள் கிடைக்கும். முதன்மைக் கடவுச்சொல்லுக்கு ஆறு சொற்கள் வைத்துக்கொள்ளுங்கள். சொற்களை மனம்போல் தேர்ந்தெடுத்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. பிரபலமான பாட்டு வரியும் பழமொழியும் தாக்குபவர்களின் பட்டியலிலும் இருக்கும்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பாஸ்கீ வைத்துக்கொள்ளச் சொல்லும் தளங்களில் தயங்காமல் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022-இல் பொதுவாக ஆதரிக்க முன்வந்த ஏற்பாடு இது. போலித் தளத்தில் கொடுத்துவிட இதில் கடவுச்சொல் என்ற ஒன்றே இல்லை. திரையைத் திறக்கும் அதே பின் எண்ணாலோ கைரேகையாலோ நுழைந்துவிடலாம்.

அப்பாவின் துண்டுச்சீட்டுக்கு வருவோம். இணையம் வழியாக வரும் எந்தத் திருடனாலும் காகிதத்தைப் படிக்க முடியாது. அவர் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய எளிய கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் போடுவதை விட, வலுவான கடவுச்சொற்களை ஒரு சிறு நோட்டில் எழுதி அலமாரியில் வைப்பது பல மடங்கு மேல். கீபோர்டின் அடியிலிருந்து எடுத்து அலமாரிக்கு மாற்றச் சொல்லுங்கள், அவரைத் திட்டாதீர்கள்.

கடவுச்சொல்லுக்குப் பின் இன்னோர் எண்ணையும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை எல்லாக் கணக்குகளிலும் போட்டுக்கொண்டு திணற வேண்டாம். மின்னஞ்சலில் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் சாவி அங்கேதான் வந்து விழுகிறது. அடுத்து வங்கி, பாஸ்வேர்டு மேனேஜர், படங்களும் ஆவணங்களும் இருக்கும் சேமிப்புக் கணக்கு. 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் செயலி, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை விட நல்லது. ஆனால் அப்பாவுக்குக் குறுஞ்செய்திதான் கைவரும் என்றால் அதுவே இருக்கட்டும், ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். சொந்தக் கணினியை நம்பத்தக்க கருவி என்று குறித்துவிட்டால் தினமும் கேட்காது, புதிய கருவியிலிருந்து நுழையும்போது மட்டுமே கேட்கும். மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு அதே நோட்டில் ஒட்டிவையுங்கள். கைபேசி தொலையும் நாளில் அவைதான் கைகொடுக்கும்.

ஸ்கிரிப்ட் தடுப்பானை எடுத்துவிடுங்கள். இன்றைய தளங்களில் பெரும்பாலானவை அது தடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் இல்லாமல் இயங்காது. ஒவ்வொரு தளத்திலும் எதை அனுமதிப்பது என்ற கேள்விக்கு உங்கள் அப்பாவால் விடை சொல்ல முடியாது, உண்மையில் என்னாலும் முடியாது. அந்த இடத்தில் நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்றைப் போட்டால், போலிப் பதிவிறக்கப் பொத்தான்களும் மிரட்டல் விளம்பரங்களும் கண்ணிலேயே படாமல் போகும், பக்கங்களும் விரைவாகத் திறக்கும். ரவுட்டரில் இரண்டே வேலைகள்: அதனுடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது, அதன் மென்பொருள் தானாக அப்டேட் ஆகும்படி வைப்பது. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், தயாரிப்பாளர்கள் வைத்தனுப்பிய 60-க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

இவ்வளவு பூட்டுகளைத் தளர்த்தச் சொல்லும் துணிச்சல் எனக்கு வருவது பேக்கப்பை நம்பித்தான். எல்லாக் காவலும் தோற்று, கோப்புகள் மறையாக்கப்பட்டாலும், மகளே தவறுதலாக அழித்துவிட்டாலும், டிஸ்க் நின்றுபோனாலும், நேற்றைய நகல் கையில் இருந்தால் அது ஒரு நாள் வேலை. இல்லாவிட்டால் பல ஆண்டுப் படங்களுக்கான துக்கம். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற விதியைப் பலரும் சொல்வார்கள். வீட்டு அளவில் அதன் பொருள்: கணினியில் இருப்பது ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. இணையச் சேமிப்பு தானாக நடக்கும், ஆனால் வெறும் ஒத்திசைவை பேக்கப் என்று நம்பிவிட வேண்டாம். கணினியில் கோப்பு கெட்டால் கெட்ட கோப்பே அங்கும் போய்ச் சேரும். பழைய வடிவங்களைச் சில வாரங்களாவது வைத்திருக்கும் சேவையாக இருக்க வேண்டும். வெளி டிஸ்கை எப்போதும் செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்து மறையாக்கும். ஆகவே மாதம் ஒருமுறை செருகி, நகலெடுத்து, கழற்றி வைக்கும் வேலை ஒன்று மனிதருக்கு மிஞ்சுகிறது. கடவுச்சொல் மாற்றுவதற்கு என்று நீங்கள் ஒதுக்கியிருந்த அந்த மாதாந்தர நாளை இதற்குக் கொடுத்துவிடுங்கள். ஆண்டில் இருமுறை ஏதாவது ஒரு கோப்பை அதிலிருந்து மீட்டும் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப் இருக்கிறது என்பது வெறும் நம்பிக்கைதான்.

டிஸ்க் மறையாக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கணினி லேப்டாப் என்றால் அது வேண்டும். தொலைந்தாலும் பழுதுபார்க்கக் கொடுத்தாலும் உள்ளிருப்பது பிறர் கண்ணுக்குத் தெரியாது. தினசரிப் பயன்பாட்டில் அது இருப்பதே தெரியாது என்பதால் இடைஞ்சலும் இல்லை. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்ததும் அது தானாகவே இயங்கத் தொடங்கியிருக்கும். அதன் ஒரே பொறி 48 இலக்க மீட்பு எண். மதர்போர்டை மாற்றினாலோ சில அமைப்புகளைத் தொட்டாலோ கணினி அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே கிடைக்காது. அது உங்கள் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்த நோட்டிலும் எழுதிவையுங்கள்.

கடைசியாக, எந்த மென்பொருளாலும் முழுதாகத் தடுக்க முடியாதது, உங்கள் அப்பாவுக்கு வரக்கூடிய தொலைபேசி அழைப்பு. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள், கணினியை அணைக்காதீர்கள் என்று அலறும் பக்கம் ஒன்று வரும். அழைத்தால் மறுமுனையில் பேசுபவர் மிகக் கனிவாக, தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்வார். அதை அப்பாவே தன் கையால் அனுமதிப்பதால் ஆன்டிவைரஸ் குறுக்கே வராமல் போகலாம். அட்மின் கடவுச்சொல் அவரிடம் இல்லாததும் விளம்பரத் தடுப்பானும் ஓரளவு உதவும், ஆனால் அதிகம் உதவுவது, பயம் வந்தால் என்ன செய்யலாம் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான். முதியவர்கள் பலர் கணினியைத் தப்பாக அணைத்தால் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறார்கள்; அந்த அச்சத்தைத்தான் மோசடிக்காரர் பயன்படுத்திக்கொள்கிறார். ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்துக் கணினியை அணைக்கச் சொல்லி, மீண்டும் போட்டு, ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர் கண்ணாலேயே பார்க்கவையுங்கள். பிறகு அந்த நோட்டின் முதல் பக்கத்தில், கடவுச்சொற்களுக்கெல்லாம் முன்னால், பெரிய எழுத்தில் எழுதிக்கொடுங்கள்: திரை மிரட்டினால் அணைத்துவிடலாம், யாராவது அழைத்து அவசரப்படுத்தினால் இணைப்பைத் துண்டித்துவிட்டு எனக்கு அழையுங்கள், எந்த நேரமானாலும் சரி.